நிலநடுக்கப் பிளவுகளைப் பூமிக்கு மேலே இருந்தே எப்படிப் பார்க்கிறார்கள்?

ஊத்தங்கரைக்காரன்:
எங்கள் காட்டில் போர்வெல் போடுவதற்கு முன் ரெசிஸ்டிவிட்டி சர்வே, அதாவது நிலத்தின் மின்தடையை அளக்கும் சர்வே எடுத்தோம். நான்கு கம்பிகளை வரிசையாக அடித்து, வெளிக்கம்பிகளில் கரண்ட் விட்டு உள்கம்பிகளில் வோல்டேஜ் பார்த்து, அடியில் வெடிப்பு இருக்கிறது என்றார்கள். நிலநடுக்கம் வரும் பிளவுகளையும் இப்படித்தான் பார்க்கிறார்களா? கிலோமீட்டர் கணக்கில் ஆழம் எட்டுமா?

பாறைப்பித்தன்:
கம்பி முறையில் அவ்வளவு ஆழம் கஷ்டம் அண்ணா, 200 அடி பார்க்கவே கம்பிகளை அதைவிடப் பல மடங்கு தள்ளி நட வேண்டும். ஆழத்துக்கு அதிர்வலைதான். மேலாகப் பார்க்க இரும்புத் தகட்டில் சம்மட்டி அடியே போதும், ஆழமாகப் போக வெடி வைப்பார்கள், தரையில் வரிசையாக வைத்த ஜியோபோன் என்ற அதிர்வு உணரும் கருவிகளில் அலை எப்போது வந்தது என்று கணக்குப் போடுவார்கள். நல்ல கருங்கல்லில் அலை நொடிக்கு 5, 6 கி.மீ. ஓடும், நொறுங்கிப்போன பாறையில் வேகம் குறையும், அந்த வேகக் குறைவுதான் பிளவைக் காட்டிக்கொடுக்கிறது. நம் பக்கத்திலேயே குப்பம் முதல் பழனி வரை என்.ஜி.ஆர்.ஐ. (தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம்) இப்படி எடுத்திருக்கிறார்கள், அதில் பூமியின் மேலோட்டின் தடிமன் 40 கி.மீ.க்கு மேல் என்று தெரிந்தது.

மலையோரம்:
ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். அடுக்கடுக்கான படிவுப் பாறை என்றால் அடுக்கு எந்த இடத்தில் அறுந்து நகர்ந்திருக்கிறதோ அங்கே பிளவு என்று, கீழே பட்டுத் திரும்பி வரும் அலைகளை வைத்து வரையும் படத்திலேயே தெரிந்துவிடும். கிருஷ்ணகிரி, தர்மபுரியில் பெரும்பாலும் நைஸ், சார்னோகைட் என்ற கடும்பாறைகள், அப்படிச் சீரான அடுக்கே கிடையாது. போதாததற்கு பிளவு செங்குத்தாக நின்றால் அலை மேலே திரும்பி வராமல் பக்கவாட்டில் போய்விடும். அதனால் ஒரு முறையை மட்டும் நம்பக் கூடாது, மின்தடையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், நொறுங்கிய பாறையில் உப்புத்தண்ணீரும் களிமண்ணும் இருந்தால் தடை நன்றாகக் குறையும். ஆழத்துக்கு மேக்னெட்டோடெலூரிக் என்று ஒன்று உண்டு, கரண்ட் விடவே தேவையில்லை, சூரியனாலும் இடிமின்னலாலும் இயற்கையாக வரும் மின்காந்த மாற்றத்தையே அளப்பார்கள். ஹைடென்ஷன் லைன் பக்கத்தில் போனால் மட்டும் அளவு கெட்டுப்போகும்.

ஊத்தங்கரைக்காரன்:
சரி, அந்தப் படம் உண்மைதானா என்று யாராவது தோண்டிப் பார்த்திருக்கிறார்களா?

மலையோரம்:
பார்த்திருக்கிறார்கள். கலிபோர்னியாவில் பார்க்ஃபீல்ட் அருகே சான் ஆண்ட்ரியாஸ் பிளவுக்குள் 2004 முதல் 2007 வரை சுமார் 3 கி.மீ. ஆழத்துக்குத் துளை போட்டார்கள். அலை மெதுவாகப் போகும் நொறுங்கிய பகுதி சுமார் 200 மீட்டர் அகலம் இருந்தது, ஆனால் இன்றைக்கும் நகர்ந்துகொண்டிருப்பது அதற்குள் ஓடும் சில மீட்டர் பட்டைகள்தான், துளைக்குள் இறக்கிய இரும்புக் குழாயையே அவை நெளித்துவிட்டன. மேலே இருந்து எடுக்கும் படத்தில் அவ்வளவு மெல்லியது தனியாகத் தெரியாது.
உங்கள் போரில் வந்த வெடிப்பை வைத்து நிலநடுக்கம் வருமோ என்று பயப்படாதீர்கள், பாறை என்றால் வெடிப்பு இருக்கும், அதில்தான் நமக்குத் தண்ணீரே வருகிறது.