புல்மோட்டை மணல், மன்னார் மணல்: கனிய மணலில் காசு போடலாமா?

வெள்ளவத்தை முகுந்தன்:
2022 ஏப்ரல் 12 அன்று, வெளிநாட்டுக் கடனைக் கட்ட ஏலாது எண்டு இலங்கை அறிவிச்சது. அதுக்குப் பிறகும் டொலர் எங்கால வரும் எண்டு கேட்டால் தேயிலை, உடுப்பு, சுற்றுலா, வெளிநாட்டில உழைக்கிற பிள்ளையள் அனுப்புற காசு எண்டுதான் சொல்லுறம். வடகிழக்குக் கரையில கிடக்கிற கறுப்பு மணலை ஆரும் கணக்கில எடுக்கிறதில்லை.

அந்தக் கரையில இருக்கிற புல்மோட்டை மணலில டைட்டானியம் உள்ள இல்மனைட், ரூட்டைல் எண்ட கனியங்களும் சிர்க்கோனும் ஒண்டா இருக்கு. பாதிக்கு மேல பாரக் கனியம்தான். உலகத்தில இப்பிடிச் செறிவான கடற்கரை குறைவு. வாடைக்காற்றுக் காலத்தில கடலே திரும்பக் கொண்டுவந்து கொட்டுது. 1957 இல அரசாங்கத்தின்ர கனிய மணல் கூட்டுத்தாபனம் தொடங்கி இண்டுவரைக்கும் நாங்கள் செய்யிறது, மணலைப் பிரிச்சு மூட்டையும் கப்பலுமா அனுப்புறதுதான். பெயின்ட், பிளாஸ்டிக், கடதாசி எல்லாத்துக்கும் இந்தக் கனியத்தில இருந்து எடுக்கிற டைட்டானியம் டையொக்சைட் எண்ட வெள்ளைப் பொடி வேணும். மன்னாரிலயும் பெரிய இருப்பு இருக்கெண்டு அவுஸ்திரேலியப் பங்குச் சந்தையில இருக்கிற ஒரு கம்பனி வருஷக்கணக்கா ஆய்வு செய்துகொண்டிருக்கு. அடுத்த பத்து வருஷத்தில இந்தத் தொழில் வளரும் எண்டது என்ர உறுதியான எண்ணம். இப்பவே உள்ளுக்கு நிக்கிறவைக்குத்தான் ஆதாயம். மறுக்கிறவை காரணத்தோட மறுங்கோ.

பேசாலை யூட்:
முகுந்தன் அண்ணை, புல்மோட்டையையும் மன்னாரையும் ஒரு மூச்சில சொல்லாதேங்கோ. புல்மோட்டையில கடல் கொண்டுவந்து போடுறதை அள்ளுறாங்கள். மன்னாரில அள்ளப்போறது எங்கட ஊர் நிக்கிற நிலத்தை. நான் இப்ப மோதரையில இருந்தாலும் அம்மா, அப்பா, காணி, கிணறு எல்லாம் பேசாலையில.

எங்கட மன்னார்த் தீவில நல்ல தண்ணி எண்டது மழைத்தண்ணி மணலுக்குள்ள இறங்கி, உப்புத் தண்ணிக்கு மேல மிதந்துகொண்டு நிக்கிறது. அந்த மணல்தான் எங்கட தாங்கி. அதைக் கிண்டினால் கிணறு உவர்க்கும். உவர்த்த கிணறு எங்கட காலத்தில திரும்பாது. மணல் அகழ வேண்டாமெண்டு மன்னார்ச் சனம் றோட்டுக்கு வந்தது அதுக்காகத்தான், அரசியலுக்காக இல்லை.

தெமட்டகொட பாத்திமா:
நான் பெயின்ட் மூலப்பொருள் இறக்குமதி செய்யும் இடத்தில் வேலை செய்கிறேன். டைட்டானியம் டையொக்சைட் எங்களுக்கு 25 கிலோ பையில் வருகிறது. அதற்கு நாங்கள் டொலரில் கட்டுகிறோம். ஒரு டன் பிக்மென்ட், அதாவது அந்த வெள்ளைப் பொடி, சந்தை நிலவரப்படி இரண்டாயிரம், மூவாயிரம் டொலர். நாங்கள் விற்கிற இல்மனைட் டன்னுக்குச் சில நூறு டொலர்தான். ஒரு டன் பிக்மென்டுக்கு ஏறத்தாழ இரண்டு டன் இல்மனைட் போதும். அந்த இடைவெளியைப் பார்த்தால் முகுந்தன் அண்ணா சொல்வதில் ஆசை வருவது நியாயம்தான்.

ஆனால் இடையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். புல்மோட்டையில் நடப்பது பௌதிகப் பிரிப்பு. சுருள் தகட்டில் தண்ணீரோடு ஓடவிட்டு இலேசான மணலைக் கழிக்கிறார்கள், காந்தம் இல்மனைட்டை இழுக்கிறது, மின்னழுத்தத்தில் மின் கடத்தும் ரூட்டைல் ஒரு பக்கமும் கடத்தாத சிர்க்கோன் மறுபக்கமும் விழுகிறது. இதுவரைக்கும் பெரிய அழுக்கு இல்லை. பிக்மென்ட் என்றால் கதையே வேறு. சல்பேட் முறையில் ஒரு டன் பிக்மென்டுக்கு மூன்று டன்னுக்குக் கிட்ட கந்தக அமிலம் போகும். பாவித்த அமிலமும் இரும்பு சல்பேட்டும் மலைபோலச் சேரும். குளோரைட் முறை சுத்தமானது, ஆனால் அதற்குத் தரமான மூலப்பொருளும், குளோரினைக் கையாளத் தெரிந்த ஆட்களும் வேண்டும். கேரளாவில் சவறாவில் அரசு ஆலை பல வருடங்களாக இதைச் செய்கிறது. அங்கேயும் சுற்றியுள்ள சனம் கிணற்றுத் தண்ணீருக்காகப் போராடியிருக்கிறது.

கொட்டாஞ்சேனை சுரேஷ்:
கரண்டை மறந்துட்டீங்க. இல்மனைட்டை உருக்கி, டைட்டானியம் செறிஞ்ச ஸ்லாக் ஆக்கினாலும் சரி, உலோகமாக்கினாலும் சரி, மின்சாரம்தான் பெரிய செலவு. இங்க 2022 ஓகஸ்ட்ல சராசரியா 75 வீதம் ஏத்தினாங்க, ஆறு மாசத்துல மறுபடி 66 வீதம். பிறகு குறைச்சாங்க. இருபது வருஷத்துக்குக் கணக்குப் போடுற ஒருத்தன் இதை வச்சு எப்படிக் கணக்குப் போடுவான்? 2021ல ஏற்றுமதி டொலரை ரூபாவா மாத்தச் சொல்லி மத்திய வங்கி சட்டம் போட்டதையும் வியாபாரிங்க மறக்கல.

வெள்ளவத்தை முகுந்தன்:
தம்பி சுரேஷ், நெருக்கடிக் காலத்தை வைச்சு எல்லாக் காலத்தையும் அளக்கக் கூடாது. இந்தோனேசியாவைப் பாருங்கோ. 2020 இல நிக்கல் மண்ணை அப்படியே ஏற்றுமதி செய்யக் கூடாதெண்டு தடை போட்டாங்கள். வேணுமெண்டால் இஞ்ச வந்து உருக்கு எண்டாங்கள். வந்தாங்கள். இண்டைக்கு உலக நிக்கலில பாதிக்கு மேல அங்கயிருந்துதான். எங்களுக்கு இல்லாதது அந்தத் துணிவு.

யூட் தம்பி, ஊர்ச்சனத்தின்ர கவலை எனக்கு விளங்குது. ஆனா நூறு கிலோ மணலில எடுக்கிறது நாலு கிலோ அளவுதான், மிச்சத்தைத் திரும்பக் கொட்டிப்போடுவாங்கள். அதைத் தொழில்நுட்பமாப் பாக்க வேணும். ஒரு தொழிலும் வேண்டாம் எண்டால் மன்னார்ப் பெடியள் கொழும்புக்கும் கனடாவுக்கும்தான் ஓட வேணும்.

கொட்டாஞ்சேனை சுரேஷ்:
அதே நிக்கல் கதையோட மறுபாதி இது. 2022 மார்ச்ல லண்டன் சந்தையில ஒரு நாள் டன் ஒரு லட்சம் டொலர் தாண்டிச்சு. இந்தோனேசியா வெள்ளமா உற்பத்தி செஞ்சதும் 2023 முடியிறப்ப இருபதாயிரத்துக்கும் கீழ. பிஎச்பி மாதிரி ஒரு பெரிய சுரங்கக் கம்பனியே 2024 ஒக்டோபர்ல மேற்கு அவுஸ்திரேலியாவுல நிக்கல் வேலையை நிறுத்திச்சு. பெரிய கம்பனி நட்டத்தைத் தாங்கும். சின்ன ஆய்வுக் கம்பனிப் பங்குல சேமிப்பைப் போட்ட நம்ம ஆள் தாங்குவானா? இந்தோனேசியாகிட்ட உலகத்தையே அசைக்கிற அளவு நிக்கல் இருக்கு. நம்ம இல்மனைட்டை நிறுத்தினா வாங்குறவன் மொசாம்பிக்குக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் போவான். தடை போட பலம் வேணும்ணே.

பேசாலை யூட்:
அண்ணை, மிச்சத்தைத் திரும்பக் கொட்டுறதைப் பற்றிச் சொன்னீங்கள். காத்தும் மழையும் ஆயிரக்கணக்கான வருஷமா அடுக்கி வைச்ச மணலும், லொறியால கொட்டின மணலும் ஒண்டில்லை. கொட்டினது முதலில உப்பி நிக்கும், பிறகு இறுகி அமரும். எடுத்த பாரமும் திரும்பி வராது. கடல் மட்டத்துக்கு ஒண்டிரண்டு மீற்றர் மேல நிக்கிற இடங்களில ஒரு சாண் பதிஞ்சாலே மாரித் தண்ணி வீட்டுக்குள்ள. இப்பவே கார்த்திகை மார்கழியில முத்தத்தில தண்ணி நிக்கிற ஊர் அது.

முதலீட்டுப் பாசையிலயே சொல்லுறன். அனுராதபுரப் பக்கம் எப்பாவலயில பசளைக்குப் போற பொஸ்பேற் சுரங்கம் என்ன ஆச்சு? அமெரிக்கக் கம்பனியோட அரசாங்கம் முப்பது வருஷத்துக்கு உடன்படிக்கை செய்யப் போனது. ஊரார் ஏழு பேர் வழக்குப் போட்டவை. 2000 இல உயர் நீதிமன்றம், இயற்கை வளத்துக்கு அரசு பொறுப்பாளி, நினைச்சபடி குடுக்க ஏலாது எண்டு தீர்ப்புச் சொன்னது. சுற்றாடல் பாதிப்பு மதிப்பீடு இல்லாமல் அந்த உடன்படிக்கை நகரக் கூடாதெண்டும் சொல்லிப்போட்டுது. எப்பாவலக்காரன் போட்ட வழக்கைப் பேசாலைக்காரனும் போடலாம். சனத்தின்ர சம்மதம் இல்லாத சுரங்கத்தில காசு போடுறவன் அதையும் நட்டக்கணக்கில எழுதி வைக்க வேணும்.

தெமட்டகொட பாத்திமா:
யூட் சொன்ன நீதிமன்றத் தீர்ப்பு சுரங்கத்தைத் தடைசெய்யவில்லை, நடைமுறையைத்தான் கேட்டது. அது முதலீட்டாளருக்கும் நல்லது. முறையாக அனுமதி எடுத்தவனுக்கு நாளைக்கு எந்த அரசாங்கம் வந்தாலும் பயமில்லை.

என்னுடைய பிரச்சினை வேறு. சிர்க்கோனை ஏன் யாருமே பேசுவதில்லை? டைல்ஸ் பளபளப்புக்கும் வார்ப்படத்துக்கும் போவது அது, விலையும் இல்மனைட்டைவிடப் பல மடங்கு. நாட்டில் டைல்ஸ் செய்கிறோம். சிர்க்கோனை மாவாக அரைக்க அமிலமும் வேண்டாம், உலையும் வேண்டாம், அரைக்கும் ஆலை போதும். பிக்மென்ட் கனவுக்கு முன் இதைச் செய்தாலே புல்மோட்டை வருமானம் கூடும்.

வெள்ளவத்தை முகுந்தன்:
இது நல்ல யோசனை, பாத்திமா. நானும் இதைத்தான் வளர்ச்சி எண்டு சொல்லுறன். புல்மோட்டையில இருந்து தொடங்கட்டும்.

கொட்டாஞ்சேனை சுரேஷ்:
தொடங்கட்டும், ஆனா அதுல நீங்களும் நானும் எப்படிக் காசு போடுறது? புல்மோட்டை முழுக்க அரசாங்கத்தோடது. அதோட பங்கு சந்தையில இல்ல. நல்ல மணல் விற்பனைக்கு இல்ல. விற்பனைக்கு வர்றது இன்னும் அனுமதி எடுக்காத, ஊரே எதிர்க்கிற மணல். உங்க முதல் பதிவுல புல்மோட்டையோட செறிவைச் சொல்லி மன்னார்ல காசு போடச் சொல்றீங்க. இங்க வாசிக்கிற ஓய்வூதியக்காரங்க இந்த வித்தியாசத்தைக் கவனிக்கணும்.

வெள்ளவத்தை முகுந்தன்:
பங்கு சந்தையில இல்லை எண்டால் கொண்டுவரலாம். நூற்றுக்கு முப்பது பங்கைப் பொதுமக்களுக்கு விடட்டும், கணக்கு வழக்கு வெளியில வரும், கேள்வி விலைமனு ஒழுங்காகும். அரசாங்கத்தின்ர கையிலயே பூட்டி வைச்சுத்தான் இவ்வளவு வருஷமும் மூட்டை கட்டுறம்.

பேசாலை யூட்:
அப்படி விடேக்கை புல்மோட்டை, கொக்கிளாய்ச் சனத்துக்கும் ஒரு பங்கு எழுதட்டும் அண்ணை. அங்கயும் கரை வலைக்காரர், காணி போகுதெண்டு மறிச்சவை இருக்கினம். அதை நீங்கள் ஆதரிப்பியளோ?

வெள்ளவத்தை முகுந்தன்:
ஆதரிப்பன். நூற்றுக்கு எத்தனை எண்டதில சண்டை பிடிப்பம், ஆனா ஆதரிப்பன். மன்னார் விசயத்தில நான் இன்னும் உங்களோட உடன்படேல்லை, தம்பி. மதிப்பீட்டு அறிக்கை முழுசா வரட்டும், நிலத்தடி நீர் அளவையளோட. தமிழிலயும் வரவேணும். வந்த பிறகு இஞ்சயே வரிவரியா எடுத்துக் கதைப்பம்.