சலூனில் கழுத்து நெட்டி எடுப்பது நல்லதா?

மயூர்விஹார்வாசி:
வயது 41, டெல்லி நேரு பிளேஸில் கணக்கு வேலை, நாள் முழுக்கக் கணினி முன்னால்தான். ஆறு மாதமாகப் பின்கழுத்திலிருந்து வலது தோள்பட்டை வரை கல் மாதிரி இறுகிக் கிடக்கிறது. சலூன்காரர் கடுகெண்ணெய் வைத்துத் தலையில் சம்பி (தலை மசாஜ்) செய்துவிட்டு, கடைசியில் தாடையைப் பிடித்துப் படக்கென்று இரண்டு பக்கமும் திருப்பி நெட்டி எடுப்பார். அன்றைக்குச் சுகம், மூன்றாம் நாள் பழையபடி வலி. இதற்காகவே வாராவாரம் போகிறேன். போன வாரம் நெட்டி எடுத்ததும் தலை சுற்றியது. தொடரலாமா, இல்லை ஸ்பாவில் டீப் டிஷ்யூ மசாஜ் செய்துகொள்ளலாமா?

ஆர்கேபுரம்_பிசியோ:
நெட்டியை இன்றோடு நிறுத்துங்கள் சார். அந்தச் சத்தம் எலும்பு இடத்தில் உட்காரும் சத்தம் இல்லை, மூட்டுத் திரவத்துக்குள் வாயுக் குமிழ் உண்டாவதால் வருவது. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு தமனிகள் கழுத்தெலும்புகளின் துவாரங்கள் வழியாகத்தான் ஏறுகின்றன. அபூர்வம்தான், ஆனால் வேகமாகத் திருகியதில் தமனியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. தலை சுற்றியிருப்பதால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். பேச்சுக் குழறினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, இதுவரை இல்லாத மாதிரி கழுத்து வலித்தாலோ நேரே எமர்ஜென்சிதான்.

டாக்டர் சரி என்றால் மசாஜ் செய்துகொள்ளலாம். ஸ்வீடிஷ் என்பது நீளமாகத் தடவி, பிசைந்து, தட்டிவிடுவது. டீப் டிஷ்யூ மெதுவாக ஆழத்தில் அழுத்துவது, ஆனால் வலிக்க வலிக்கத்தான் பலன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், மூச்சைப் பிடித்துக்கொள்கிற அளவுக்கு வலித்தால் தசை இன்னும் இறுகத்தான் செய்யும். லாக்டிக் அமிலத்தை வெளியேற்றுகிறோம் என்பார்கள், அதை உடம்பே சீக்கிரம் சரிசெய்துகொள்ளும். வலி கொஞ்ச நாள் தணியும், மனசு அடங்கும், தூக்கம் வரும், அதுவே பெரிய விஷயம். கணினித் திரையைக் கண் மட்டத்துக்கு உயர்த்தாவிட்டால் எந்த மசாஜின் பலனும் நிற்காது.

கரோல்பாக்_அத்தை:
தம்பி, நம் சித்த மருத்துவத்தில் இதற்குத் தொக்கணம் என்று பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், அழுத்தல், இழுத்தல் என்று ஒன்பது வகை சொல்வார்கள். ஸ்பாவுக்குக் கொட்டிக் கொடுப்பதற்கு முன் படித்த சித்த மருத்துவர் ஒருவரைப் பாருங்கள். மனசைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன். அப்பா இறந்துபோன வருஷம் எனக்கு மாதக்கணக்கில் தூக்கம் இல்லை. ஜனவரிக் குளிரில் அக்கா தினமும் ராத்திரி நல்லெண்ணெயை வெதுவெதுப்பாக்கி என் பாதத்தில் தேய்த்துவிடுவாள், இருபது நிமிஷம், ஒரு வார்த்தை பேசமாட்டாள். நாலாம் நாள் அழுதேன், அப்புறம் விடியும் வரை தூங்கினேன்.

துவாரகா_செக்டர்:
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். என் மாமனார் சென்னையிலிருந்து ஒன்றரை நாள் ரயிலில் வந்து இறங்கியபோது ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தது. எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடப் போனோம், நல்லவேளை பக்கத்து வீட்டு நர்ஸ் தடுத்தார். ரத்தம் உறைந்திருந்தது; பிடித்துவிட்டிருந்தால் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போயிருக்கலாம்.

மயூர்விஹார்வாசி:
எல்லோருக்கும் நன்றி. நாளை காலை டாக்டரைப் பார்க்கிறேன். சலூன்காரர் நல்ல மனிதர், கைராசிக்காரரும்கூட, எனக்கு மட்டுமில்லை, வருகிறவர்கள் யாருக்கும் சம்பியோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லப்போகிறேன். அத்தை, பாதத்துக்கு நல்லெண்ணெய் இன்றைக்கு ராத்திரியே.