எடுத்துவிட்ட காலில் அரிப்பு: நீங்கள் பார்த்ததுண்டா?

காவிரிக்கரை:
அப்பாவுக்குச் சர்க்கரைப் புண் புரையோடி, வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இங்கே பல வீடுகளில் நடந்த கதைதான், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். வீடு திரும்பிய பிறகு ஒரு ராத்திரி, "குதிகால் அரிக்குதும்மா, கொஞ்சம் சொறிஞ்சு விடு" என்றார். இடது குதிகாலில் கை வைத்தேன். "அது இல்ல, அந்தக் கால்." தூக்கக் கலக்கம் எதுவும் இல்லை. கால் இல்லை என்று தெரிந்தேதான் கேட்கிறார். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. கால் இருந்திருக்க வேண்டிய இடத்தில் போர்வையைச் சொறிந்தேன். பார்த்துக்கொண்டே இருந்தவர், "இன்னும் கொஞ்சம் கீழ" என்றார். கையைக் கீழே இறக்கினேன். "ஆங், அங்கதான்" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் கை கால் இழந்த சிப்பாய்களுக்கு வைத்தியம் பார்த்த வீர் மிட்செல் என்ற டாக்டர் இதற்கு மாய உறுப்பு என்று பெயர் வைத்தார் என்பதெல்லாம் அப்புறம் படித்ததுதான். அந்தப் போர்வையில் நான் எதைச் சொறிந்தேன் என்பது மட்டும் இன்னும் மண்டையைக் குடைகிறது. இதுபோல் பார்த்தவர்கள் எழுதுங்கள்.

வெள்ளுடுப்பு:
எலும்பு வார்டில் வேலை பார்த்தபோது நடந்தது. விசைத்தறியில் சிக்கி இடது கையை முழங்கைக்கு மேல் எடுத்த ஒரு தம்பி. சவரம் செய்ய ஆள் வந்து இடது கன்னத்தில் பிரஷ்ஷால் நுரை தடவுகிறார். தம்பி திடுக்கிட்டு, "அக்கா, யாரோ என் கட்டைவிரலைத் தடவுறாங்க" என்றான். பிரஷ் தாடைப் பக்கம் நகர்ந்ததும், "இப்ப சுண்டுவிரல்." சவரக்காரர் பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டார்.

இதற்கு விளக்கம் இருக்கிறது. உடம்பின் ஒவ்வொரு பாகத்துக்கும் மூளையின் மேற்பரப்பில் ஓர் இடம் உண்டு. மான்ட்ரியலில் பென்ஃபீல்டு என்ற அறுவை நிபுணர், விழித்திருக்கும் நோயாளிகளின் மூளையை மின்சாரத்தால் லேசாகத் தொட்டுத் தொட்டு அந்த வரைபடத்தைப் போட்டார். அதில் கைக்குப் பக்கத்து வீடு முகம். கை போன பிறகு அந்த இடத்துக்குச் செய்தி வருவதில்லை, முகத்தின் செய்தி அங்கேயும் புகுந்துவிடுகிறது. 1990களின் தொடக்கத்தில் வி.எஸ். ராமச்சந்திரன், நம் சென்னை ஸ்டான்லியில் படித்தவர், பஞ்சு சுற்றிய குச்சியால் கன்னத்தைத் தொட்டே இதைக் கண்டறிந்தார். அந்தத் தம்பி சொன்னபோது எனக்கு இது எதுவும் தெரியாது. அவன் முகம்தான் இப்போதும் நினைவில் நிற்கிறது.

களத்துமேடு:
நர்ஸம்மா சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் எல்லாமே மூளைக்குள் என்றால் இதற்கு என்ன சொல்வீர்கள்? தாத்தாவின் காலை எடுத்ததும் அதை வாங்கிவந்து சுடுகாட்டில் புதைத்தார்கள். அன்றிலிருந்து, "விரல் ஒண்ணுமேல ஒண்ணு ஏறி முறுக்குது" என்று துடித்தார். பாட்டி ஆள் விட்டுத் தோண்டச் சொன்னாள். துணியைப் பிரித்தால் விரல்கள் மடங்கித்தான் கிடந்ததாம். நேராக்கி மறுபடி புதைத்துவிட்டு வந்து சொன்னார்கள். அன்று ராத்திரி தாத்தா தூங்கினார். நான் சின்னப் பையன், பக்கத்தில்தான் படுத்திருந்தேன். அவர் குறட்டை காதில் விழுந்தது.

கண்ணாடிக்கால்:
களத்துமேடு, நீங்கள் எழுதியதிலேயே பதில் இருக்கிறது. "வந்து சொன்னார்கள்" என்கிறீர்களே, அதன் பிறகுதானே தூங்கினார்? விரல் நேராகிவிட்டது என்று அவர் மூளைக்குச் சேதி போயிற்று. புதைத்த காலுக்கும் தாத்தாவுக்கும் இடையே ஒரு நரம்பும் இல்லை. தயவுசெய்து இதைப் படித்துவிட்டு யாரும் மண்வெட்டியைத் தூக்காதீர்கள்.

நான் பிசியோதெரபிஸ்ட். நான் பார்த்த ஒரு அம்மா, இல்லாத கையை இறுக்கி மூடியிருப்பதாகவும் நகம் உள்ளங்கையில் குத்துவதாகவும் அழுவார். கண்ணாடியை நடுவில் வைத்து, இருக்கும் கையை மெல்ல விரிக்கச் சொன்னேன். கண்ணாடியைப் பார்த்தவர், "திறந்துடுச்சு" என்றார். அவ்வளவுதான் என் கதை.

காவிரிக்கரை, நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன், அப்பாவுக்கு உதவும். "அசை" என்று மூளை கட்டளை போடுகிறது, அசைந்ததாகப் பதில் வருவதில்லை. கண்ணாடி அந்தப் பதிலைக் கண் வழியாகக் கொடுக்கிறது. இதுவும் ராமச்சந்திரன் யோசனைதான். புண் ஆறியிருக்க வேண்டும். நீளமான கண்ணாடி ஒன்றை வாங்கி இரண்டு தொடைக்கும் நடுவில் நிறுத்துங்கள். கண்ணாடி முகம் நல்ல கால் பக்கம், வெட்டின கால் பின்னால் மறைந்திருக்கட்டும். மெட்டி, கொலுசு, கயிறு எதுவும் காலில் வேண்டாம், பிம்பம் தன் கால் மாதிரியே தெரிய வேண்டும். நல்ல பாதத்தை மெல்ல மடக்கி நீட்டச் சொல்லுங்கள், அதே நேரம் இல்லாத பாதத்தையும் அப்படியே அசைப்பதாக நினைக்கச் சொல்லுங்கள். தினம் கால் மணி நேரம். தலை சுற்றினாலோ வலி கூடினாலோ அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். அமெரிக்காவின் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் கால் இழந்தவர்களை மூன்று குழுவாகப் பிரித்துப் பார்த்து 2007-ல் வெளியிட்டார்கள். ஒரு குழுவுக்குக் கண்ணாடி, ஒன்றுக்குத் துணி மூடிய கண்ணாடி, இன்னொன்றுக்குக் கண்ணை மூடிக் கற்பனை. நான்கு வாரத்தில் கண்ணாடிக் குழுவில் எல்லோருக்கும் வலி குறைந்தது. சின்ன ஆய்வுதான், எல்லோருக்கும் பலிக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் செலவு ஒரு கண்ணாடி.

வடமராட்சி:
எங்கட மாமாவுக்கு மிதிவெடியில கால் போனது. அவருக்கு நோ பெரிசா இல்லை, வேற மாதிரி. செயற்கைக் காலைப் போட்டால் தன்ர பாதம் அதுக்குள்ள போய்ச் சரியா இருக்குது எண்டுவார். கழட்டி வைச்சால் கால் கட்டையாகி, பாதம் முழங்காலோட ஒட்டின மாதிரி வந்திடுமாம். ஒருநாள் இரவு வாசலில ஆரோ கூப்பிட்ட சத்தம் கேட்டு, கட்டிலால இறங்கி அந்தக் காலைத்தான் முதல்ல ஊன்றினார். விழுந்த சத்தத்தில நான் ஓடிப்போய்ப் பார்த்தால், நிலத்தில இருந்தபடி, "நிலம் குளிர்ந்ததடா" எண்டு சொன்னார்.

களத்துமேடு:
கண்ணாடிக்கால் ஐயா, தாத்தாவிடம் முதலில் சொல்லிவிட்டுத்தான் தோண்டப் போனார்கள். போகும்போதே வலி குறையவில்லையே?

வெள்ளுடுப்பு:
போவதாகச் சொன்னதற்கும் நேராகிவிட்டது என்று சொன்னதற்கும் வித்தியாசம் இருக்கிறதே.

ஒற்றைப்பனை:
என் தம்பிக்கு ரயில் விபத்தில் இரண்டு காலும் போய்விட்டது. பாதம் எரிகிறது என்று அவன் கத்தினால், "எல்லாம் மனசுதான், தைரியமா இரு" என்று ஒரு டாக்டர் சொல்லி அனுப்பினார். அதிலிருந்து வலியை யாரிடமும் சொல்லாமல் தலையணையைக் கடித்துக்கொள்கிறான். அந்தப் பல் தடத்தை நான் பார்த்தேன். மேலே எழுதியதையெல்லாம் அவனுக்குப் படித்துக் காட்டினேன். அவன் கேட்டது ஒன்றுதான்: கண்ணாடியில் காட்ட எனக்கு எந்தக் கால் இருக்கிறது?

கண்ணாடிக்கால்:
உங்கள் கால். எதிரில் உட்கார்ந்து நீங்கள் பாதத்தை மெல்ல அசையுங்கள். அவர் அதைப் பார்த்தபடியே தன் பாதத்தை அசைப்பதாக நினைக்கட்டும். இரண்டு காலும் இழந்தவர்களிடம் இப்படிச் செய்து பார்த்திருக்கிறார்கள், பலருக்கு வலி இறங்கியிருக்கிறது. அதோடு வலி மருத்துவப் பிரிவு இருக்கும் ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப் போங்கள். நரம்பு வலிக்கென்றே மாத்திரைகள் இருக்கின்றன, அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க வேண்டியதில்லை.