புதுப்பிப்பு: சாரல் காலத்தில் உப்பு மாவுப் பொம்மைகள்

செங்கோட்டையில் ஜூன் பிறந்துவிட்டால் சாரல் விடாது என்பதால், நான்கும் ஆறும் வயதான பிள்ளைகளை வீட்டுக்குள் எதில் ஈடுபடுத்துவது என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். உப்பு மாவில் பொம்மை செய்யலாம் எனப் பலர் எழுதியிருந்தீர்கள். செய்து பார்த்த விவரம் இது.

இரண்டு பங்கு மைதா, ஒரு பங்கு தூள் உப்பு, ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான தண்ணீர் என்ற அளவு சரியாகவே வருகிறது. உலர்த்துவதுதான் இந்தப் பக்கத்தில் பெரும்பாடு. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்வதால், சன்னலோரம் வைத்த பொம்மைகள் மறுநாளும் பிசுபிசுத்தன. ஆகவே, கனமான வாணலியில் மணல் பரப்பி, அதன்மேல் தாங்கியும் தட்டும் வைத்துப் பொம்மைகளை அடுக்கி, ஆவி வெளியேறும்படி மூடியைச் சற்றே விலக்கி, மிகச் சிறு தீயில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விட்டேன். தீ கூடினால் மாவு உப்பி வெடித்துவிடும். தடித்த யானை உள்ளே ஈரமாகவே நின்றது. தட்டையான இலையும் மீனும் நன்றாக இறுகின.

நிறத்துக்கு மஞ்சள் தூள் போதும். மஞ்சள் மாவில் ஆப்பசோடா சிறிது சேர்த்ததும் அது செம்பழுப்பாக மாறியது. ஆப்பசோடா போன்ற காரப்பொருள் (அமிலத்துக்கு எதிரான தன்மையுள்ளது) பட்டால் மஞ்சள் அப்படித்தான் மாறும் என்ற என் விளக்கத்தைப் பெரியவன் காதில் வாங்கவே இல்லை, எலுமிச்சைச் சாறு விட்டு நுரை பொங்கப் பொங்க அதை மறுபடி மஞ்சளாக்குவதிலேயே மும்முரமாக இருந்தான்.

உப்பு மிகுதி என்பதால் சிறு பிள்ளைகள் இதை வாயில் போடாமல் உடனிருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். உலர்ந்தவற்றை ஆறவைத்து, காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் மழைக்காலத்திலும் இளகுவதில்லை.