எக்ஸ்ரேயில் துகள் வேகம்: நடுவில் 2 வர வேண்டும், 1.35 வருகிறது

பாய்மம்94:
வணக்கம். ஒளி புகாத கூழ் குழாய்க்குள் எப்படி ஓடுகிறது என்பது என் ஆய்வு. முதலில் முறையைச் சோதிக்க, கிளிசரினில் 50 மைக்ரான் டங்ஸ்டன் துகள் கலந்து, கிடையாக வைத்த 10 மி.மீ. உள்விட்ட அக்ரிலிக் குழாயில் விடுகிறேன். சிரிஞ்ச் பம்ப் நிமிடத்துக்கு 4.7 மி.லி. தள்ளுகிறது. ஆக, சராசரி வேகம் நொடிக்கு 1 மி.மீ., நடுக்கோட்டில் 2. எக்ஸ்ரே படத்தில் ஒரு பிக்சல் 20 மைக்ரான், நொடிக்கு 30 பிரேம். அடுத்தடுத்த பிரேம்களைக் கோரிலேஷன் செய்தால் (ஒன்றை மற்றொன்றின் மேல் நகர்த்தி, எவ்வளவு நகர்த்தினால் நன்றாகப் பொருந்துகிறது என்று பார்த்தால்) நடுவில் 1.35தான் வருகிறது. வெளியே வருவதைத் தராசில் பிடித்துப் பார்த்தேன், பம்ப் சரி. மூன்று வாரமாக இதிலேயே நிற்கிறேன்.

தூறல்:
டங்ஸ்டன் தண்ணீரைப் போல 19 மடங்கு கனம். துகள் அடியில் படிந்து, மெதுவாக ஓடும் இடத்தையே காட்டுகிறதோ? வெள்ளி பூசிய உள்ளீடற்ற கண்ணாடி மணி கிடைக்குமா பாருங்கள்.

மாலைஷிப்ட்:
தூறல் சொல்வது தண்ணீரில் நடக்கும். கிளிசரினில் அந்தத் துகள் நொடிக்கு 0.02 மி.மீ.கூட இறங்காது, நடுவிலிருந்து அடிக்குப் போக நாலைந்து நிமிடம் ஆகும். கலக்கியவுடன் படமெடுத்தால் போதும்.

உங்கள் 1.35ஐப் பார்த்ததும் எனக்குப் பழைய நாட்கள் நினைவுக்கு வந்தன. நானும் இதே இடத்தில் மாட்டியிருக்கிறேன். லேசரில் துகள் வேகம் அளக்கும்போது மெல்லிய ஒளித்தகடு ஒரு தளத்தை மட்டும் காட்டும். எக்ஸ்ரேயில் தகடு கிடையாது. கதிர் குழாயை ஊடுருவிப் போகிறது, முன்சுவர் முதல் பின்சுவர் வரை உள்ள துகள் எல்லாம் ஒரே படத்தில் விழுகிறது. சுவரோரத் துகள் நிற்கிறது, நடுத்துகள் 2இல் ஓடுகிறது. பரவளைய ஓட்டத்தில் விட்டத்தின் வழியே சராசரி எடுத்தால் உச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 1.33. நீங்கள் அளந்தது அதைத்தான்.

வேகமான துகளே பிரேமுக்கு 3 பிக்சல் சொச்சம்தான் நகர்கிறது. துகளின் படமும் ஏறக்குறைய அவ்வளவே அகலம். அதனால் எல்லா வேகமும் குழைந்து, கோரிலேஷனில் ஒரே பீக் (பொருத்தம் உச்சமாகும் மேடு) ஆகிவிடுகிறது. நாலு பிரேம் தள்ளி ஜோடி சேர்த்துப் பாருங்கள்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: 1.5ஆல் பெருக்கிவிட்டு நகராதீர்கள். கிளிசரினில் பக்கவாட்டிலும் அதே விகிதம் வருவதால் வளைவு அழகாகப் பொருந்தும், மனம் ஒத்துக்கொள்ளும். கூழ் நடுவில் கட்டியாக நகர்ந்தால் அந்த விகிதம் பொய்யாகிவிடும். 2003இல் கொரியாவின் போஹாங்கில் லீ சாங் ஜூன் குழு எக்ஸ்ரேயில் இந்த அளவீட்டைச் செய்து காட்டியது. அப்புறம் ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழக ஃபூராஸ் குழு, ஜப்பானின் ஸ்பிரிங்-8 என்ற சிங்க்ரோட்ரான் எக்ஸ்ரே கூடத்தில் எடுத்த படங்களில், பீக்கின் உருவத்திலிருந்தே ஆழத்தில் வேகம் எப்படிப் பரவியிருக்கிறது என்று பிரித்தெடுத்தது. உங்கள் கூழுக்கு அந்த வழிதான் சரி.

பாய்மம்94:
நாலு பிரேம் தள்ளிப் பார்த்தேன். பீக் நீண்டுவிட்டது: உச்சி 1.9இல், வால் பூஜ்யம் வரை. ரொம்ப நன்றி ஐயா. நாளை கூழை ஏற்றுகிறேன், பீக்கின் படத்தை இங்கேயே போடுகிறேன்.