34 வயசுல ஐடி சப்போர்ட்டை விட்டுட்டு ஏசி மெக்கானிக் வேலைக்கு போகலாமா?

வேளச்சேரி_வாசி:
எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கோங்க. பிசிஏ முடிச்சதுல இருந்து டெக் சப்போர்ட் வேலைதான், அதுலயும் பெரும்பாலும் நைட் ஷிப்ட். இப்போ கஸ்டமர் கம்ப்ளைன்ட் டிக்கெட்ல பாதிய சாட்பாட்டே க்ளோஸ் பண்ணிடுது, எங்க ப்ராஜெக்ட்ல ஆள் குறைக்க ஆரம்பிச்சுட்டாங்க, என் முறை எப்போன்னு தெரியல. வேற கம்பெனிக்கு இன்டர்வியூ போனா இதே சம்பளத்துக்கு இருபத்து மூணு வயசு பசங்க வரிசையில நிக்கறாங்க.

எனக்கு கை வேலைல இஷ்டம் உண்டு. வீட்டு வயரிங், மோட்டார், மிக்ஸி எல்லாம் நானே பாத்துக்குவேன். ஏசி ஃபீல்டு நல்லா இருக்கும்னு தோணுது, எங்க அபார்ட்மென்ட்ல ஏப்ரல் மே ஆனா மெக்கானிக் கால் பண்ணா எடுக்கவே மாட்டேங்கறாங்க, அவ்ளோ டிமாண்டு. பக்கத்துல ஒரு இன்ஸ்டிட்யூட்ல 3 மாச கோர்ஸ், 35 ஆயிரம் கேக்கறாங்க, முடிச்சா ப்ளேஸ்மென்ட் உண்டாம். இல்ல ஐடிஐ தான் போகணுமா, இந்த வயசுல சேப்பாங்களா? பொண்ணு யூகேஜி படிக்கறா, வீட்டு லோன் ஓடுது, வொய்ஃப் ஸ்கூல் டீச்சர், அவங்க சரின்னு சொல்லிட்டாங்க, மாமனார் மட்டும் "டிகிரி படிச்சுட்டு ஸ்பேனரை தூக்கிட்டு போறதா"ன்னு கேட்டுட்டே இருக்கார். ஃபீல்டுல இருக்கறவங்க உண்மையை சொல்லுங்க ப்ளீஸ்.

கூலிங்காயில்:
தம்பி, நான் இருபது வருஷத்துக்கு மேல இதே பொழப்பு, அம்பத்தூர் பக்கம் சொந்தமா சின்னதா சர்வீஸ் வெச்சிருக்கேன். முதல்ல அந்த 35 ஆயிரத்தை கட்டாதீங்க. பழைய ஸ்ப்ளிட் ஏசி ஒண்ணை டேபிள் மேல வெச்சு பத்து பேர் சுத்தி நின்னு வேடிக்கை பாப்பீங்க, ஆளுக்கு ஒரு தடவை ஃப்ளேர் அடிக்க, அதாவது காப்பர் பைப் முனையை விரிக்க குடுப்பாங்க, அவ்ளோதான், சர்டிபிகேட்டை பிரேம் போட்டு மாட்டிக்கலாம்.

அந்த டேபிள் மேல இருக்கற மெஷின் பெரும்பாலும் ஆர்22ங்கற பழைய கூலிங் கேஸ் போட்டதா இருக்கும். வெளிய வீடுகள்ல இப்போ மாட்டறது ஆர்32 கேஸ் மெஷின், ஆர்22 போட்டு புது ஏசி தயாரிக்கறதே 2025-ல இருந்து நம்ம நாட்டுல கிடையாது. ரெண்டுக்கும் பிரஷரே வேற. ஆர்22-ல சக்ஷன், அதாவது கம்ப்ரெஸருக்கு கேஸ் திரும்பற லைன் பிரஷர், 60, 70 பிஎஸ்ஐ பாத்து பழகினவன் ஆர்32-ல 120க்கு மேல காட்டினதும் கேஸ் அதிகமாயிடுச்சுன்னு நெனச்சு நல்ல கேஸை தொறந்து விட்டுடுவான். அதோட ஆர்32 லேசா தீப்பிடிக்கற கேஸ். லைன்ல கேஸ் இருக்கும்போதே பைப் ஒட்டற கேஸ் டார்ச்சை பத்த வெக்கற பழைய பழக்கமெல்லாம் இங்க ஆகாது.

உங்களுக்கு சாதகமான விஷயமும் ஒண்ணு இருக்கு. இன்வெர்ட்டர் ஏசி வந்த பிறகு எங்க ஆளுங்கள்ல பாதி பேருக்கு எரர் கோடு வந்தாலே கை நடுங்குது, நேரா "போர்டு போயிடுச்சு சார், மாத்தணும்"னு எஸ்டிமேட் குடுத்துடறாங்க. சென்சாரா, இன்டோர் அவுட்டோர் நடுவுல வயர் லூஸா, இல்ல நெஜமாவே போர்டானு ஒண்ணொண்ணா தள்ளிட்டு வர பொறுமை எவனுக்கும் இல்ல, அந்த வேலையதானே நீங்க இத்தனை வருஷமா போன்ல பண்றீங்க. ஒண்ணே ஒண்ணு, பவரை ஆஃப் பண்ணாலும் அந்த போர்டு கெப்பாசிட்டர்ல 300 வோல்ட் டிசி கொஞ்ச நேரம் நிக்கும், மீட்டர் வெச்சு பாக்காம விரலை வெக்காதீங்க.

கோர்ஸை விட யார்கிட்ட ஹெல்பரா நிக்கறீங்கங்கறதுதான் விஷயம். ஆளை எப்படி எடை போடறதுன்னா, லீக் டெஸ்ட்டுக்கு அவர் என்ன ஏத்தறார்னு பாருங்க. நைட்ரஜன்னா நம்பி போகலாம். செலவு மிச்சம்னு ஆக்ஸிஜன் ஏத்தறவர்கிட்ட ஒரு நாள் கூட நிக்காதீங்க, கம்ப்ரெஸர் ஆயிலும் ஆக்ஸிஜனும் சேந்தா வெடிக்கும், ஆள் செத்த கதையெல்லாம் இருக்கு. அப்புறம் புதுசா மாட்டும்போது பைப்புல இருக்கற ஏர், ஈரத்தை உறிஞ்சி எடுக்க வேக்கம் பம்ப் போடறாரா, இல்ல கேஸை கொஞ்சம் விட்டு ஏரை தள்ளிட்டு கெளம்பிடறாரா. மூணாவது மாடி சன்ஷேடுல எறங்கும்போது பெல்ட் கட்டறாரா. இந்த மூணும் சரியா இருந்தா மீதியை அவர் கூட சுத்தியே கத்துக்கலாம்.

ஒர்க்‌ஷாப்_சார்:
ஐடிஐ பத்தி மட்டும் நான் சொல்றேன். தமிழ்நாட்டுல அரசு ஐடிஐல ஆம்பளைங்களுக்கு 40 வயசு வரைக்கும் சேரலாம், பொம்பளைங்களுக்கு உச்ச வரம்பே கிடையாது. ஃபீஸ் இல்ல, மாசம் 750 ரூபா உதவித்தொகை, பஸ் பாஸ் எல்லாம் உண்டு. ரெஃப்ரிஜரேஷன் ஏசி டிரேடு 2 வருஷம், பத்தாவது பாஸ் போதும். வெல்டர் மாதிரி சிலது 1 வருஷத்துல முடியும்.

ஆனா முழு நாள் கிளாஸ் சார், வருகைப்பதிவு பாப்பாங்க. நைட் ஷிப்ட் முடிச்சுட்டு காலைல வந்து ஒர்க்‌ஷாப்ல நின்னு இரும்புல அரம் போடறதெல்லாம் உடம்பு தாங்காது, பத்தாவது முடிச்ச பசங்க நடுவுல உக்காரணும்ங்கறது வேற. உங்க நிலைமைக்கு நான் ஐடிஐ சொல்ல மாட்டேன். ஃபீல்டுல எறங்கி அனுபவம் சேந்த பிறகு தனித்தேர்வரா அகில இந்திய தொழில் தேர்வு எழுதலாம், வருஷா வருஷம் அறிவிப்பு வரும். அதனால யார்கிட்ட வேலை பாத்தாலும் அனுபவ சான்றை லெட்டர்ஹெட்ல வாங்கி வெச்சுக்கோங்க, அப்போ கேட்டா எவனும் குடுக்க மாட்டான். வெளிநாட்டுக்கோ பெரிய கம்பெனிக்கோ போகணும்னாதான் அந்த பேப்பர் தேவைப்படும், வீடு வீடா சர்வீஸ் பண்ண யாரும் கேக்கறதில்ல.

ஷார்ஜா_மச்சான்:
ப்ரோ வெளிநாடுன்னு சொன்னதால சொல்றேன், இங்க ஏசி ஆளுக்கு வேலைக்கு பஞ்சமே இல்ல ஆனா அனுபவம் இல்லாம விசா எடுத்து வந்துடாதீங்க. ஏஜென்ட் டெக்னீஷியன்னு சொல்லி ஹெல்பர் சம்பளத்துல ஏத்தி விட்டுடுவான், வந்த பிறகு அழுது பிரயோஜனம் இல்ல. இங்க ஜூன் 15ல இருந்து செப்டம்பர் 15 வரைக்கும் மதியம் 12:30 டு 3 வெயில்ல வேலை வாங்கக்கூடாதுன்னு சட்டமே போட்டிருக்காங்கன்னா மொட்டை மாடில மெஷின் பக்கம் நிக்கறது எப்படி இருக்கும்னு பாத்துக்கோங்க. ஏசி மெக்கானிக்கு ஏசி ரூம்ல வேலைன்னு எங்க அத்தை இன்னமும் ஊர்ல சொல்லிட்டிருக்கு 😂

ஈரோடு_அக்கா:
நானுங்க மெக்கானிக் இல்லீங்க, எங்க வீட்டுக்காரர் இதே தொழில், கணக்கு வழக்கு நான்தான் பாக்கறேன். அதனால வருமானத்த பத்தி சொல்லலாம்னு வந்தேன். நீங்க மாச சம்பளத்துல பழகினவங்க, உங்களுக்கு கஷ்டம் இங்கதானுங்க வரும். மார்ச்சுல இருந்து ஜூன் வரைக்கும் சாப்பிட கூட நேரம் இருக்காது, ஐப்பசி கார்த்திகைல மழை புடிச்சுட்டா போனே அடிக்காது. அந்த நாலு மாச காசுல கொஞ்சம் எடுத்து தனி அக்கவுண்ட்ல போட்டு அதுல இருந்து மாசா மாசம் சம்பளம் மாதிரி எடுப்போம், இல்லாட்டி கார்த்திகைல லோன் கட்ட நகைதானுங்க போகும். ஆஃப் சீசனுக்கு ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் ரெண்டும் கத்துக்கோங்க, அது வருஷம் பூரா ஓடும். ஆஸ்பத்திரி, மெடிக்கல், ஐஸ்கிரீம் கடைன்னு ஏஎம்சி (வருஷ பராமரிப்பு ஒப்பந்தம்) நாலஞ்சு புடிச்சுட்டீங்கன்னா வீட்டு செலவு தானா நடக்கும்.

வேலை பாத்த காசு வர்றது இன்னொரு தலைவலி. வீட்டுக்காரங்க கையோட குடுத்துடுவாங்க. பெரிய ஆபீஸு, கல்யாண மண்டபம் இவங்கதானுங்க மாசக்கணக்குல இழுப்பாங்க, எங்களுக்கு ஒரு மண்டபத்துல போன சீசன் பாக்கி இன்னும் நிக்குது. ஸ்பேர் காசை முன்னாடியே வாங்கிட்டு வேலைய ஆரம்பிங்க, கூச்சமே படாதீங்க.

உங்க மாமனாருக்கு ஒரு வருஷம் பதில் சொல்லாம விடுங்க. எங்கப்பாவும் இப்படித்தான் பேசினார், இப்போ அவர் வீட்டு ஏசிக்கு பில்லு கூட குடுக்கறதில்ல.

வேளச்சேரி_வாசி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, கோர்ஸ் ஐடியாவ விட்டாச்சு. அக்கா சொன்னது போல உக்காந்து கணக்கு போட்டேன், வொய்ஃப் சம்பளத்துல வீடு ஓடிடும், லோன் மட்டும்தான் இடிக்குது, ஆறு மாச டியூவை சேத்து வெச்சுட்டு அப்புறம் பேப்பர் போடலாம்னு ரெண்டு பேரும் பேசிருக்கோம். அதுவரைக்கும் வீக் ஆஃப்ல யார்கூடயாவது போறதா இருக்கேன். எங்க ஏரியால ஒருத்தர்கிட்ட பேசினேன் கூலிங்காயில் அண்ணா, நீங்க சொன்னத மனசுல வெச்சு சும்மா வேக்கம் பத்தி கேட்டேன், "அதெல்லாம் கம்பெனிக்காரன் சீன், ரெண்டு செகண்ட் கேஸ் விட்டா ஏர் போயிடும்"னார். ஆள் நல்லா பேசறார், தினம் 600 தரேங்கறார். போகலாமா? டூல்ஸ் இப்பவே வாங்கணுமா?

கூலிங்காயில்:
வேணாம் தம்பி. அப்படி விடற கேஸ் ஏரை முழுசா தள்ளாது, ஈரம் பைப்புக்குள்ளயே தங்கி ஆயிலோட சேந்து ஆசிடாகி கொஞ்ச கொஞ்சமா கம்ப்ரெஸர தின்னுடும். அவர் காசு வாங்கிட்டு போயிருப்பார், ரெண்டாவது வருஷம் வந்து பாக்கறவன் தலைலதான் விடியும். அந்த கைய ஒரு தடவை பழகிட்டா அப்புறம் மாத்தறது ரொம்ப கஷ்டம், 600க்கு ஆசைப்படாதீங்க. கம்பெனி ஆத்தரைஸ்டு சர்வீஸ் ஏதாவது ஒண்ணுல கேட்டு பாருங்க, காசு இதைவிட கம்மியா குடுப்பாங்க ஆனா பம்ப், நைட்ரஜன் எல்லாம் வண்டிலயே இருக்கும், புது மாடல் வந்தா டிரெய்னிங்கும் அவங்களே அனுப்புவாங்க.

டூல்ஸ் இப்போ ஒண்ணும் வேணாம். டிசி பாக்கற மாதிரி நல்ல கிளாம்ப் மீட்டர் ஒண்ணு, ஒரு டெஸ்டர், வழுக்காத ஷூ, போதும். பிரஷர் பாக்கற மேனிஃபோல்டு கேஜ், வேக்கம் பம்ப், ஃப்ளேரிங் செட், நட்டை அளவா முறுக்கற டார்க் ரெஞ்ச் எல்லாம் தனியா எறங்கும்போது வாங்கிக்கலாம், சுமாரான பிராண்டுக்கே 40, 50 ஆயிரம் கிட்ட வந்துடும், அதை இப்பவே ஒதுக்க ஆரம்பிங்க. எங்க போனாலும் பிப்ரவரிக்குள்ள போய் சேந்துடுங்க. ஏப்ரல்ல ஒரு நாளைக்கு பத்து கால் ஓடும்போது ஏன் எதுக்குன்னு கேட்டா எவனும் நின்னு பதில் சொல்ல மாட்டான், ஏணிய புடின்னு சொல்லிட்டு ஏறிடுவான்.