உதாமரோவின் பெண்கள்: அச்சைக் கையில் எடுத்தால் எங்கே பார்ப்பது?

செதுக்குளி:
ஜப்பானிய ஓவியர் உதாமரோ வரைந்து, மரப்பலகையில் செதுக்கி அச்சடித்த அழகியர் படத்தில் முகத்தை அப்புறம் பாருங்கள். முதலில் நெற்றியும் முடியும் சேரும் ஓரம். அங்கே ஒவ்வொரு முடியும் செர்ரிப் பலகையில் ஒரு மெல்லிய சுவர். இருபுறமும் சரிவாக வெட்டி, அடியை அகலமாக விட்டால்தான் நிற்கும். செங்குத்தாக வெட்டினால் ஈரமும் அழுத்தமும் பட்டுப் பட்டு உடைந்துவிடும். அதனால் தலையும் முகமும் பட்டறையின் மூத்த கைக்குத்தான். கிமோனோவின் பூவேலை இளையவர்களுக்கு. பலகை தேய்ந்த பிறகு அடித்த பிரதியில் முடிக்கோடுகள் தடித்து ஒட்டிக்கொள்ளும், நடுநடுவே அறுந்தும் போகும்.

ஈரத்தாள்:
பாதிச் சிக்கல் அச்சடிப்பவர் கையில் இருக்கிறது. கோசோ என்ற செடியின் நாரில் செய்த தாளுக்குப் படிகாரமும் வச்சிரப் பசையும் கலந்த நீரைப் பூசிக் காயவைத்து, அச்சுக்கு முன் மறுபடி ஈரப்படுத்துவார்கள். ஈரம் கூடினால் நிறம் கசியும், தாளும் நீளும். கென்தோ என்ற, தாளைப் பொருத்தப் பலகையில் வெட்டிய அடையாளத்தில் தாளைச் சரியாகப் பொருத்தியிருந்தாலும் உதட்டுச் சிவப்பு கோட்டுக்கு வெளியே போய் நிற்பது இதனால்தான். பலகையில் நிறத்தோடு அரிசிப் பசையும் சேர்த்துத் தேய்க்க வேண்டும். பசை குறைந்தால் பரப்பில் எள் தூவியதுபோல் புள்ளி விழும். கூந்தல் கறுப்பைப் பெரும்பாலும் இரண்டு முறை அடிப்பார்கள். ஒரே அடியில் அந்த ஆழம் வராது.

மினுமினுக்கும் அப்பிரகப் (மைக்கா) பின்னணிக்கு ஒரு முறை: பசையை அச்சடித்து, ஈரம் இருக்கும்போதே பொடியைத் தூவி, ஒட்டாததைத் தூரிகையால் தட்டிவிடுவது. பிடிப்பு குறைவு. தாளைச் சுருட்டினால் உதிரும்.

பழந்தாள்:
முடியை மட்டும் நம்பி விலை பேசாதீர்கள். பிற்காலத்தில் புதிதாகச் செதுக்கிய மறுபதிப்புகளில் முடி மூலத்தைவிட நேர்த்தியாகவே இருக்கும். நீலத்தைப் பாருங்கள். உதாமரோ இறந்தது 1806. பிரஷ்யன் நீலம் என்ற செயற்கை நிறமி இந்த அச்சுகளில் பரவலானது 1830ஐ ஒட்டி. அவர் கையெழுத்துள்ள படத்தில் அந்த அடர்நீலம் இருந்தால் அது அவர் காலத்துப் பிரதி அல்ல. கண்ணைப் பறிக்கும் அனிலின் (செயற்கைச் சாயம்) சிவப்பும் ஊதாவும் அதற்கும் பிந்தியவை.

அடுத்து தாளின் பின்புறம்: நிறம் ஊறியிருக்க வேண்டும், பாரென் (தாளின் பின்புறம் அழுத்தித் தேய்க்கும் கைவட்டு) தேய்த்த தடம் சாய்ந்த வெளிச்சத்தில் தெரிய வேண்டும். பத்து மடங்கு லென்ஸில் சீரான புள்ளிவலை தெரிந்தால் அது இயந்திர அச்சு, பேச்சே வேண்டாம்.

1793 வாக்கில் வந்த மூன்று அழகியர் படத்துக்கு இன்னொரு சோதனை உண்டு. முதலில் அடித்த நிலையில் படத்திலேயே பெண்களின் பெயர்கள் இருக்கும், பிறகு நீக்கப்பட்டன. பெயர் இல்லாவிட்டாலும் ஆடைச் சின்னத்தில் ஆளைப் பிரிக்கலாம்: ஓகிதாவுக்குப் பவுலோனியா, ஓஹிசாவுக்கு ஓக் இலை, தோயோஹினாவுக்குப் பிரிம்ரோஸ். முகத்தை வைத்துப் பிரிப்பது கடினம். மூக்கு வளைவில்தான் சிறு வேறுபாடு.

செதுக்குளி:
பிற்கால அச்சில் முடி நேர்த்தியாக இருக்கும் என்பதை மறுப்பதற்கில்லை. பிற்கால ஓவியர் ஹாஷிகுச்சி கோயோவின் ‘தலைவாரும் பெண்’ (1920) முடிவேலையில் எடோ காலத்து (உதாமரோ வாழ்ந்த காலம்) அச்சுகள் பலவற்றைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

ஈரத்தாள்:
நீலம் பற்றி ஒன்று. பழைய சுயுகுசாப் பூ நீலம் வெளிச்சத்தில் வெளிறும், ஒரு சொட்டு நீரிலும் கரையும். அதைக் கலந்த ஊதா பழுப்பாகிவிடும். எனவே பழுப்புக் கிமோனோவைப் பார்த்ததும் ஓவியர் பழுப்புதான் கேட்டார் என்று முடிவு கட்ட வேண்டாம். மூல நிறம் எப்படி இருந்தது என்று அறிய பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் ஸ்பால்டிங் தொகுப்புப் படங்களோடு ஒப்பிடுங்கள். அந்தத் தொகுப்பைக் காட்சிக்கு வைக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு 1921இல் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள். ஊதா இன்னும் ஊதாவாகவே இருக்கிறது. வீட்டில் மாட்டுவதானால் வெளிச்சம் 50 லக்ஸுக்கு மேல் போக வேண்டாம், அதுவும் சில மாதம் மட்டும்.